எங்கள் வயலை ‘மேற்சுமை’ என்று எழுதியவர்களுக்கு

தமிழ்நாட்டின் பழுப்பு நிலக்கரி குறித்து முடிவெடுக்கும் மத்திய, மாநில அரசுகளின் பொறுப்பாளர்களுக்கும், எங்கள் வாக்கைப் பெற்ற சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் ஓர் அலுவலகத்தில் எங்கள் பகுதி நிலத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றைச் சுவரில் மாட்டி எங்களுக்கு விளக்கினார்கள். அடியில் தடிமனான கறுப்புப் பட்டை, அதுதான் பழுப்பு நிலக்கரி. அதற்கு ‘இருப்பு’ என்று பெயர். அதன் மேல் மஞ்சள், செம்மை, சாம்பல் நிறங்களில் மணலும் களிமண்ணும் மணற்கல்லும். கரியை எடுக்கத் தோண்டி அகற்ற வேண்டிய இவை அனைத்துக்கும் சேர்த்து ஒரே பெயர்: ‘மேற்சுமை’. நாங்கள் பயிர் செய்யும் நிலம், குடியிருக்கும் தெரு, பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில், ஏரி எல்லாம் அந்தப் படத்தின் உச்சியில் இழுத்திருந்த ஒற்றைக் கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிட்டன.

“இதில் எங்கள் நெல் எங்கே?” என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். “இது புவியியல் படம் ஐயா, இதில் பயிர் வராது” என்றார் அந்த இளம் அதிகாரி. அவர் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. சொன்னதும் உண்மைதான். ஆனால் பயிர் வராத அந்தப் படத்தை வைத்துத்தான் எங்கள் பயிர் பற்றிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது எங்கள் குடும்பத்தின் மூன்றரை ஏக்கர் சுரங்கத்துக்குப் போனது. செம்மண் நிலம். முந்திரியும் பலாவும், ஊடே மணிலாவும். அப்பா எதிர்க்கவில்லை. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்றார்கள், கொடுத்தார். இழப்பீட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு மாற்றுக் குடியிருப்பில் கொடுத்த மனையில் கூரை போட்டார். அதன் பிறகு அவர் விவசாயி இல்லை. என்ன ஆனார் என்பதற்கு எங்கள் வீட்டில் சரியான சொல்லே கிடையாது. கிடைத்த வேலைக்குப் போனார், அவ்வளவுதான். எங்கள் பலா மரங்கள் நின்ற இடத்தில் இன்று ஆழம் மட்டும் இருக்கிறது. அங்கே போய்ப் பார்க்கக்கூட அனுமதிச் சீட்டு வேண்டும்.

இதைச் சொல்வது அனுதாபம் கேட்க அல்ல. நான் சுரங்கத்தையே எதிர்ப்பவள் அல்லள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெய்வேலியின் மின்சாரத்தில்தான் நான் படித்தேன். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது வந்த கறுப்புப் பொருளில் தொடங்கி, 1940களில் நடந்த புவியியல் ஆய்வுகள், 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தது, 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது, 1962-ல் மின்சாரம் பிறந்தது வரை அந்த வரலாற்றை ஒவ்வோர் ஆண்டும் பெருமையோடுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என் குறை அந்தத் தொடக்கத்தின் மேல் இல்லை. அந்தத் தொடக்கத்தில் இருந்த அறிவு பிறகு கைவிடப்பட்டதுதான் என் குறை.

என் கரும்பலகையைச் சாட்சிக்கு அழைக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘பழுப்பு நிலக்கரியின் பயன்கள்’ என்று தலைப்பிட்டு நான்கு வரிகள் எழுதுவேன். மின்சாரம். யூரியா உரம். லெக்கோ என்னும் எரிகட்டி. சுரங்கத்தின் மேல்மண்ணிலிருந்து பிரித்துக் கழுவி எடுக்கும் களிமண். இந்த நான்கையும் நெய்வேலிக்குள்ளேயே, ஒன்றின் கழிவு மற்றதன் உணவாகும்படி ஒரே திட்டமாக வகுத்திருந்தார்கள். விடுதலை அடைந்து பத்தாண்டுகளே ஆன ஏழை நாடு, சோவியத் நாட்டிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் இயந்திரங்களை வரவழைத்து, தண்ணீர் பாதி, கரி பாதியாக இருக்கும் இந்தத் தாழ்ந்த தர எரிபொருளை ஒரு துளியும் வீணாக்கக் கூடாது என்று யோசித்தது. பிறகு யூரியா ஆலை நின்றது. அந்த வரியை அழித்தேன். லெக்கோ நின்றது. அதையும் அழித்தேன். களிமண்ணை என்ன சொல்வது என்று தெரியாமல் சில ஆண்டுகள் விட்டுவைத்தேன், பிறகு அதையும் எழுதுவதை விட்டேன். நான் ஓய்வுபெற்ற ஆண்டில் அந்தத் தலைப்பின் கீழ் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: மின்சாரம். பின் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, “பயன்கள் என்று பன்மையில் எழுதியிருக்கிறீர்களே டீச்சர்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே உங்களிடம் அனுப்புகிறேன்.

லெக்கோவை அறியாதவர்கள் இன்று உங்களில் பலர் இருக்கலாம். பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, உலர்த்தி, கட்டிகளாக அழுத்தி, காற்றுப்படாமல் சூடேற்றிப் புகையை வெளியேற்றிவிட்டால் கிடைப்பது அது. பற்றவைப்பது கடினம். அம்மா மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அடியில் வைத்து, விசிறியோடு போராடுவார். ஒருமுறை பற்றிவிட்டால் சிவப்பாக, புகையில்லாமல், உலை கொதித்துக் குழம்பு கூடி வெந்நீரும் காய்ந்து முடியும்வரை நிற்கும். தேநீர்க் கடைகளில் காலையில் ஏற்றிய அடுப்பு நெடுநேரம் கனன்றுகொண்டே இருக்கும். முள்விறகுப் புகையில் கண் சிவந்த ஒரு தலைமுறைப் பெண்களுக்கு அது பெரிய விடுதலை. அதே லெக்கோவை இன்றும் சமையலறைக்குக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. எரிவாயு வந்துவிட்டது, நல்லது. ஆனால் புகை நீக்கிய, ஈரம் நீக்கிய அந்த எரிகட்டியைச் சிறு வார்ப்படப் பட்டறைகளுக்கும் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் தரும் எரிபொருளாக மாற்ற முடியுமா என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா? பார்த்து, முடியாது என்று கண்டிருந்தால் அந்தக் கணக்கை எங்களுக்கும் காட்டலாமே.

களிமண் கதை இன்னும் அருகில் இருக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருப்பதும், அதற்கென்றே அரசு பயிற்சி நிறுவனம் நடத்துவதும் உங்களுக்குத் தெரியும். அங்கே பொம்மைகளும் மின்சாரத்துக்கான பீங்கான் பொருள்களும் செய்யும் சிறு உற்பத்தியாளர்களில் என் பழைய மாணவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: “களிமண் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது டீச்சர். ஆனால் மணலோடும் கல்லோடும் கலந்து மலையாகக் கொட்டியபின் அது யாருக்கும் களிமண் இல்லை.” நிலத்தைத் தோண்டும்போதே அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருந்தால் அது ஒரு தொழிலின் மூலப்பொருள். மொத்தமாகக் கொட்டினால் அது மழைக்குக் கரைந்து வாய்க்காலை அடைக்கும் சேறு. ‘மேற்சுமை’ என்ற சொல்லின் உண்மையான விலை இதுதான். அண்மை ஆண்டுகளில் மேல்மண்ணிலிருந்து கட்டுமான மணலைப் பிரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். அறுபது ஆண்டுகள் தாமதமான நல்ல காரியம்.

இப்போது ஒரு கணக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு நான் போடவைத்த கணக்கு இது. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். எங்கள் பழுப்பு நிலக்கரியில் கிலோவுக்கு ஏறத்தாழ 2,500 கிலோ கலோரி வெப்பம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர் என்பதால், எரியும் கரியின் வெப்பத்தில் ஒரு பகுதி தன்னுடைய ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும். பழைய நிலையங்களில் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கும் மின்சாரமாக மாறுவதில்லை. ஆக, ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் எரிக்க வேண்டும். ஒரு டன் நிலக்கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணைப் பெயர்க்க வேண்டும் என்பது நெய்வேலியில் எல்லோருக்கும் தெரிந்த அளவு. அப்படியானால் ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் மண். நடுத்தரக் குடும்பம் ஒன்று நாளொன்றுக்கு ஐந்து யூனிட் செலவழித்தால், அதற்காக எங்கள் பகுதியில் இருபத்தைந்து லிட்டர் நிலம் இடம் பெயர்கிறது. நாள்தோறும் இரண்டு பெரிய வாளி. பிள்ளைகள் விடையைப் பார்த்துவிட்டு, தவறாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடியும் போட்டார்கள். விடை மாறவில்லை.

இந்தக் கணக்கிலிருந்து நான் எடுக்கும் முடிவு, மின்சாரம் வேண்டாம் என்பது அல்ல. இவ்வளவு விலை கொடுத்து எடுக்கும் பொருளை வெறுமனே தண்ணீர் கொதிக்கவைக்க மட்டும் பயன்படுத்துவது பொறுப்பில்லாத செயல் என்பதே. 600 மெகாவாட் கொண்ட முதல் அனல்மின் நிலையம் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து 2020-ல் ஓய்ந்தது. அதன் இடத்தை நிரப்ப 500 மெகாவாட் அலகுகள் இரண்டு வந்துவிட்டன. அவை குறைந்த கரியில் கூடுதல் மின்சாரம் தருபவை என்பதை ஏற்கிறேன். ஆனால் கரியைச் சிக்கனமாக்கிய கையோடு, மிச்சமான கரியைக் கொண்டு என்ன செய்யலாம் என்று யோசிக்காமல், அடுத்த வயல் எது என்றுதான் கேட்கிறீர்கள்.

பழுப்பு நிலக்கரிக்கு ஒரு குணம் உண்டு. ஈரம் மிகுந்தது, காற்றுப்பட்டால் உதிர்வது, குவித்துவைத்தால் தானே பற்றிக்கொள்வது. அதனால் அதைத் தொலைதூரம் ஏற்றிச் செல்ல முடியாது. சுரங்க வாயிலிலேயே பயன்படுத்தியாக வேண்டும். இந்தக் குணம் எங்கள் பகுதிக்கு வரமாக இருந்திருக்க வேண்டியது. கரி வெளியூர் போக முடியாது என்றால் தொழில்கள் கரியைத் தேடி இங்கே வர வேண்டும். தொடக்கத்தில் வகுத்தவர்கள் அதைத்தான் எண்ணினார்கள். ஆனால் மின்சாரம் மட்டும் என்று ஆனபிறகு, கரியால் போக முடியாத தூரத்துக்குக் கம்பி போய்விடுகிறது. தென்மாநிலங்கள் பலவற்றின் ஆலைகள் இந்த மின்சாரத்தில் ஓடுகின்றன. அவர்கள் வாழட்டும். குழி மட்டும் எங்கள் பங்கு என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

என் அண்ணன் ஒப்பந்தத் தொழிலாளியாகவே முதுமை அடைந்தார். அவர் மகன் தொழிற்பயிற்சி முடித்துவிட்டு வேலைக்காகச் சென்னைப் புறநகரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். நிலக்கரியின் மேல் பிறந்த பிள்ளைக்குத் தன் ஊரில் வேலை இல்லை.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் நிலக்கரியைப் பற்றிப் பேசவே கூடாது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிகுந்த அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பொங்கி வெடித்து, குழியே ஏரியாகிவிடும். ஆகவே இரவு பகலாக, ஆண்டுக்கணக்காக இறைக்கிறார்கள். அந்த அழுத்தத்தை நான் சிறுமியாக இருந்தபோது வேறு வடிவத்தில் பார்த்திருக்கிறேன். இதே கடலூர் மாவட்டத்தில் என் தாய்மாமன் ஊரில் குழாய் இறக்கினால் போதும். மோட்டார் இல்லாமலே, ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பொங்கும். விடுமுறையில் போனால் அந்தக் குழாயடியை விட்டு நகரமாட்டோம். இன்று அங்கே மோட்டாரை எவ்வளவு ஆழத்தில் இறக்குவது என்பதுதான் பேச்சு. இதற்குச் சுரங்கம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. விவசாயிகளின் ஆழ்துளைக் கிணறுகளும் ஆலைகளும் நகரங்களும் சேர்ந்துதான் உறிஞ்சுகின்றன. ஆனால் யார் எவ்வளவு எடுக்கிறார்கள், எவ்வளவு திரும்பப் போகிறது, நீர்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு எங்கே நிற்கிறது என்பதை எந்தக் கூட்டத்திலும் எங்களுக்குப் புரியும் தமிழில் யாரும் சொன்னதில்லை. கேட்டால் ‘தொழில்நுட்ப அறிக்கையில் இருக்கிறது’ என்கிறார்கள். அறிக்கை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம், நாங்கள் மறக்கவில்லை. சுரங்கத்துக்காகப் பரவனாற்றின் போக்கை மாற்றும் வாய்க்கால் வெட்ட, வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது சட்டத்தின் பதில். இருக்கட்டும். ஆனால் அறுவடைவரை காத்திருக்க முடியாத அவசரம் எதற்கு? உயர் நீதிமன்றமே வேதனையோடு கேட்ட கேள்வி அது. பயிரைப் பயிராகப் பார்க்கத் தெரிந்த ஒரே ஓர் அதிகாரி அந்த முடிவெடுத்த மேசையில் இருந்திருந்தால், அந்த இயந்திரங்கள் சில வாரங்கள் காத்திருந்திருக்கும்.

அதே ஆண்டு வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய பகுதிகள் மத்திய அரசின் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் இடம்பெற்று, தமிழ்நாடே எழுந்து எதிர்த்தபின் ஏப்ரலில் நீக்கப்பட்டன. நிம்மதிதான். ஆனால் அது எங்களுக்கு ஒன்றைப் புரியவைத்தது. இந்தியாவின் பழுப்பு நிலக்கரி இருப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி நெய்வேலியில் அல்ல, மன்னார்குடியை ஒட்டிய காவிரிப் படுகையின் அடியில் இருக்கிறது. நெல் விளையும் மண்ணுக்குக் கீழே, மிக ஆழத்தில். உங்கள் அட்டவணைகளில் அந்த டன் கணக்கும் ‘இருப்பு’ என்ற ஒரே தலைப்பில்தான் கூட்டப்படுகிறது. எடுக்கக் கூடியதையும் எடுக்கக் கூடாததையும் ஒரே நெடுவரிசையில் கூட்டினால், வருகிற மொத்தம் மிகப் பெரிதாகத் தெரியும். அந்தப் பெரிய எண்ணைப் பார்க்கும் எவருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆசிரியையாகச் சொல்கிறேன்: வெவ்வேறு இனங்களைக் கூட்டுவது கணக்கில் பிழை.

வேறு நாடுகள் என்ன செய்தன என்று பார்த்தேன். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் பியூலா என்ற சிற்றூருக்கு அருகே 1984 முதல் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கும், அதாவது எரிவாயுவாக மாற்றும், ஆலை இயங்குகிறது. வாயுவோடு உரமும் வேதிப்பொருள்களும் அங்கே உற்பத்தியாகின்றன. தொடக்கத்தில் அது கடனில் மூழ்கி, அரசே ஏற்று நடத்த நேர்ந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஜெர்மனி 2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்த 2020-ல் சட்டம் இயற்றியது. இயற்றிய அதே ஆண்டில், சுரங்கத்தை நம்பியிருந்த பகுதிகள் வேறு தொழிலுக்கு மாற 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கவும் இன்னொரு சட்டம் செய்தது. தோண்டி முடித்த குழிகளை ஏரிகளாகவும் காடுகளாகவும் வயல்களாகவும் திருப்பித் தரும் வேலை அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. எங்கள் பகுதியில் குழியை நிரப்பி மரம் வளர்த்த இடங்கள் உண்டு. ஆனால் ‘இந்த வயல் உன் அப்பாவுடையது, இதோ எடுத்துக்கொள்’ என்று உழவனிடம் திருப்பிக் கொடுத்த ஓர் ஏக்கரை நான் பார்த்ததில்லை.

மத்திய அரசு 2030-க்குள் 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, 2024 ஜனவரியில் 8,500 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. இதைக் கேட்டதும் என் கரும்பலகையின் அழிந்த வரிகள் திரும்பி வருமோ என்று மனம் துள்ளியது. உடனே பயமும் வந்தது. வாயுவாக்கும் ஆலைக்கும் தண்ணீர் வேண்டும், அதுவும் ஏராளமாக. அதன் கழிவுநீர் எளிதில் சுத்தமாகாது. அந்த ஆலையைக் காரணம் காட்டி இன்னும் ஐயாயிரம் ஏக்கர் கேட்பீர்கள் என்றால் அந்தத் தொழில் எங்களுக்கு வேண்டாம். இப்போதுள்ள சுரங்கங்களில் எடுக்கும் கரியிலிருந்தே, சுரங்கத்தில் இறைக்கும் நீரைக் கொண்டே, கொஞ்சமாவது மின்சாரத்திலிருந்து தொழிலுக்குத் திருப்ப முடியுமா என்பதுதான் கேள்வி. பயிருக்கு ஊட்டம் தரும் ஹியூமிக் அமிலத்தைப் பழுப்பு நிலக்கரியிலிருந்து பிரிக்கலாம் என்று இங்கேயே செய்து காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பெரிய ஆலைகூட வேண்டாம். ஊருக்கு ஒரு மகளிர் குழுவால் புட்டியில் அடைத்து விற்க முடியும். சாம்பலும் அப்படித்தான். செங்கல்லாகவும் அரியலூர் சிமென்ட்டின் பகுதியாகவும் அது மாறலாம். 2021-ஆம் ஆண்டின் அறிவிக்கை அனல்மின் நிலையங்கள் தம் சாம்பல் முழுவதையும் பயன்பாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அந்தச் சாம்பலில் எத்தனை லாரி, நிலம் இழந்த குடும்பங்கள் நடத்தும் செங்கல் சூளைக்குப் போனது?

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். 2012 முதல் கறுப்பு நிலக்கரிக்கு, சுரங்கம் நடத்துவோர் மாநில அரசுக்குத் தரும் உரிமத்தொகை விலையில் 14 விழுக்காடு. பழுப்பு நிலக்கரிக்கு 6 விழுக்காடு. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கென்று 2015-ல் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு, அதற்கு முன் குத்தகை பெற்ற சுரங்கங்கள் அந்த உரிமத்தொகையின் 30 விழுக்காட்டுக்குச் சமமான தொகையைத் தனியே தர வேண்டும். அடிப்படைத் தொகையே குறைவாக இருப்பதால் எங்களுக்கு வரும் பங்கும் குறைந்துபோகிறது. அதுவும் எங்கே செலவாகிறது என்று பார்த்தால், சுரங்கத்தின் தூசியை ஒருநாளும் சுவாசிக்காத இடங்களில் சுற்றுச்சுவராகவும் அலங்கார விளக்காகவும் நிற்கிறது. கனிம நிலத்துக்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தமிழ்நாடும் அதற்கான சட்டத்தை நிறைவேற்றி 2025-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. அந்த வரி எங்கள் மண்ணின் பெயரால் வருகிறது. அது பொதுக் கருவூலத்தில் கரைந்துபோனால், எங்களுக்கு அது இன்னொரு கையகப்படுத்தல்தான்.

ஆகவே கேட்கிறேன்.

இப்போது இயங்கும் சுரங்கங்களில் எடுக்கும் கரி, களிமண், மணல், நீர், சாம்பல் ஆகிய ஒவ்வொன்றும் எங்கே போகிறது, எவ்வளவு வீணாகிறது என்ற முழுக் கணக்கைத் தமிழில் வெளியிடுங்கள். அந்தக் கணக்கு வெளிவந்து, கிராம சபைகள் அதைப் பார்த்துக் கேள்வி கேட்டு, பதில் பெறும்வரை ஓர் ஏக்கர் புது நிலத்துக்கும் அறிவிக்கை வெளியிடாதீர்கள். என் முதன்மையான கோரிக்கை இது. மற்றவை இதைப் பின்தொடர்பவை.

காவிரிப் படுகையின் அடியில் கிடக்கும் நிலக்கரியை ‘இருப்பு’ என்ற கூட்டுத்தொகையிலிருந்து பிரித்து, எடுக்கக் கூடாதது என்று தனியாகக் குறியுங்கள். பட்டியலிலிருந்து ஒருமுறை நீக்கியது போதாது. அடுத்த அமைச்சர், அடுத்த ஏலம் என்று ஆண்டுதோறும் நாங்கள் சாலையில் உட்கார முடியாது. வேளாண் மண்டலத்தைப் பாதுகாக்க 2020-ல் சட்டம் செய்த மாநில அரசு, அதன் எல்லைக்கு வெளியே விடப்பட்ட கடலூர் மாவட்ட ஒன்றியங்களைப் பற்றியும் தன் நிலைப்பாட்டைச் சட்டமன்றத்தில் எழுத்தில் வைக்க வேண்டும்.

மேல்மண்ணை இனி அடுக்கு வாரியாகப் பிரித்தே தோண்ட வேண்டும் என்று குத்தகை நிபந்தனையில் சேருங்கள். களிமண்ணும் மணலும் சாம்பலும் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்கும், நிலம் இழந்த குடும்பங்களின் சிறு தொழில்களுக்கும் முதலுரிமையில், எட்டும் விலையில் கிடைக்க வேண்டும். நிலக்கரியின் ஒரு பங்கை எரிப்பு அல்லாத தொழிலுக்கு ஒதுக்கி, அது எவ்வளவு என்று ஆண்டுதோறும் சொல்லுங்கள். நூற்றுக்கு இரண்டு என்றாலும் சரி, பொய்யில்லாத இரண்டாக இருக்கட்டும்.

நீர்மட்ட அளவுகளை மாதந்தோறும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதுங்கள். இறைத்த அளவு, பாசனத்துக்கு விட்ட அளவு, ஆய்வுக் கிணறுகளின் ஆழம் என்று மூன்று எண்கள் போதும். அவற்றைப் படிக்க எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

கனிம அறக்கட்டளைப் பணமும் புதிய கனிம நில வரியும் முதலில் நிலம் இழந்த ஊர்களுக்கும் மாற்றுக் குடியிருப்புகளுக்கும் செலவாக வேண்டும். அதை முடிவு செய்யும் குழுவில் அந்த ஊர்களின் கிராம சபைகள் தேர்ந்தெடுத்தவர்கள் பாதிப்பேராவது இருக்க வேண்டும். பழுப்பு நிலக்கரிக்கான உரிமத்தொகையை உயர்த்தும்படி எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மக்களவையில் கேட்க வேண்டும். தோண்டி முடித்த நிலத்தைப் பயிர் செய்யத்தக்கதாக்கி, கொடுத்தவர்களின் வாரிசுகளுக்குத் திருப்பித் தருவதற்கு ஆண்டுவாரியான கால அட்டவணை ஒன்றை அறிவியுங்கள்.

கடைசியாக அந்தக் குறுக்குவெட்டுப் படம். அதை எங்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கொண்டுவரும் முன் அதன் உச்சிக் கோட்டின் மேல் வயல்களையும் வீடுகளையும் கிணறுகளையும் பள்ளிக்கூடத்தையும் அவற்றின் பெயர்களோடு வரைந்துவிட்டுக் கொண்டுவாருங்கள். வரைய ஆள் இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், வந்து வரைந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கடலூர் மாவட்டம்